மெதுவாய் நடத்துகிற மேய்ப்பன்

தியானப் பகுதி: ஆதியாகமம் 33:12-14

 

இந்த மாதம் ஒரு சாட்சியை எழுதுகிறேன். சாட்சி என்றால் எழுதுகிற ஊழியக்காரனுக்கும் அதில் கொஞ்சம் நல்ல பெயர் கிடைப்பது வழக்கம். இதில் எனக்கு அது இல்லை. கர்த்தருக்கு மாத்திரமே மகிமை!

2019-ஆம் வருஷம் மே மாதம், எங்கள் சபையார் 17 பேர் திருச்சியிலிருந்து ஒரு வேனில் புறப்பட்டோம். காலையில் தஞ்சாவூரில் சுவார்ட்ஸ் ஐயர் கட்டின ஆலயம், மதியத்துக்குள் தரங்கம்பாடி, சாயங்காலம் பூம்புகார் கடற்கரை, ராத்திரி வீடு. நேரத்தையெல்லாம் நானே எழுதி ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். அடியில் ஒரு வரி: "வழியில் வேறு எங்கும் வண்டி நிற்காது."

எங்களோடு ஒரு இளம் சகோதரி வந்தாள். கல்யாணமாகி ஆறு வருஷம். இரண்டு முறை கர்ப்பம் கலைந்து, சபையே கண்ணீரோடு ஜெபித்து, மூன்றாவதாகக் கர்த்தர் கொடுத்த பிள்ளை வயிற்றில். எட்டாவது மாதம் துவங்கியிருந்தது. அவள் மாமியார் என்னிடம், "டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு அழைச்சிட்டு வரட்டுமா பாஸ்டர்?" என்றார்கள். "கர்த்தர் பார்த்துக்கொள்வார், தைரியமாக வாங்க" என்று சொல்லிவிட்டேன். அதை விசுவாசம் என்று அன்றைக்கு நினைத்தேன்.

கும்பகோணம் தாண்டியதும் பின் சீட்டிலிருந்து ஒரு வயதான அம்மா, "பாஸ்டர், பொம்பளைங்க இறங்குற மாதிரி எங்கேயாவது நிறுத்தலாமா?" என்று கேட்டார்கள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். "தரங்கம்பாடி போய்ப் பார்த்துக்கலாம் அம்மா, லேட்டாயிடும்" என்றேன். வேன் ஓடியது. பாட்டும் கைத்தாளமுமாகப் போனோம்.

தரங்கம்பாடியில் இறங்கினோம். 1706-ஆம் வருஷம் ஜூலை 9-ந் தேதி சீகன்பால்கு ஐயர் கரையிறங்கின இடம் அது. அவர் புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்து 1715-ல் அச்சிட்டதையும், 36 வயதிலேயே கர்த்தருக்குள் நித்திரையடைந்ததையும் கடற்கரையில் நின்று உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கொளுத்துகிற வெயில். திடீரென்று அந்தச் சகோதரி மணலில் உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளுத்துப்போயிற்று. "அத்தை, வயிறு கல்லு மாதிரி இறுகுது. விட்டு விட்டு வலிக்குது" என்றாள்.

ஒரு சகோதரர், "இது சத்துருவின் போராட்டம்!" என்று சத்தமிட்டார். நானும் கையை நீட்டி ஜெபிக்கத் துவங்கினேன். அப்போது வேனில் என்னிடம் கேட்டாரே, அந்த வயதான அம்மா, என் கையைப் பிடித்து, "ஜெபத்தை வண்டியில பண்ணலாம் பாஸ்டர். முதல்ல பிள்ளையைத் தூக்குங்க" என்றார்கள். வேன் டிரைவர் நம் சபையைச் சேர்ந்தவர் அல்ல. அதற்குள் அவர் வண்டியைத் திருப்பி, பின் சீட்டில் படுக்க இடம் செய்து வைத்திருந்தார். "நீங்க சாமியைக் கும்பிட்டுக்கிட்டே வாங்கய்யா, நான் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன்" என்றார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவளைப் பரிசோதித்துவிட்டு இரண்டே கேள்வி கேட்டார்கள். "காலையிலிருந்து எவ்வளவு தண்ணி குடிச்சேம்மா?"

"ஒரு டம்ளர் காப்பி."

"யூரின் எத்தனை தடவை போனே?"

"வீட்டுல போனதுதான்."

டாக்டரம்மா என்னை ஏறிட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பார்வையை இன்றைக்கும் நான் மறக்கவில்லை.

பிறகு விளக்கினார்கள். கர்ப்பிணி தண்ணீர் குடிக்காமல் உடம்பு வறண்டுபோனால் கர்ப்பப்பை இறுகத் துவங்கலாம். சிறுநீரை அடக்கி அடக்கி வைத்தால் கிருமி சேரும். அதனாலும் நாள் வருமுன் வலி வரலாம். அவளுக்குச் சிறுநீரில் கிருமியும் இருந்தது. கையில் குளுக்கோஸ் ஏற்றினார்கள், மருந்து கொடுத்தார்கள். பிள்ளையின் இருதயத் துடிப்பைக் கேட்கிற கருவியை வயிற்றில் வைத்தார்கள். சில விநாடி ஒரு சத்தமும் இல்லை. மாமியார் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார்கள். அப்புறம் கேட்டது பாருங்கள், குதிரை ஓடுகிற மாதிரி! நிமிஷத்துக்கு 140-க்கு மேல். "நல்லா இருக்கு" என்றார்கள் டாக்டரம்மா. அல்லேலூயா!

ராத்திரிக்குள் வலி அடங்கிற்று. மறுநாள் மெதுவாக வீடு திரும்பினோம். ஏழு வாரம் கழித்து, நாள் நிறைந்து, சுகப்பிரசவம். பெண் பிள்ளை. இன்றைக்கு அவள் ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனம் சொல்லும்போது என் கண் கலங்கும்.

வீடு திரும்பும் முன் அவளிடம் கேட்டேன்: "ஏம்மா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" அவள் தலை குனிந்து, "நீங்க மணியைப் பார்த்துக்கிட்டே இருந்தீங்க பாஸ்டர். என்னால எல்லாருக்கும் லேட்டாகக் கூடாதுன்னுதான் தண்ணியே குடிக்கல" என்றாள்.

பிரியமானவர்களே, அன்று ராத்திரி ஆஸ்பத்திரித் திண்ணையில் உட்கார்ந்து ஆதியாகமம் 33-ஐ வாசித்தேன். ஏசா 400 பேரோடு வந்து, "சேர்ந்து போவோம் வா" என்று தம்பியைக் கூப்பிடுகிறான். யாக்கோபு இசையவில்லை. பிள்ளைகள் இளசுகள், ஆடுமாடுகளில் பால் கொடுக்கிறவைகள் உண்டு, ஒரே ஒரு நாள் விரட்டி ஓட்டினாலும் மந்தை மடிந்துபோகும் என்கிறான். நீர் முன்னே போம், நான் இவைகளின் நடைக்கு ஏற்றபடி மெதுவாக வருகிறேன் என்கிறான். அன்றைக்கு யாக்கோபும் நொண்டிக்கொண்டுதான் நடந்தான்! யாப்போக்கு ஆற்றங்கரையில் தேவன் அவன் தொடையைத் தொட்டிருந்தார். நொண்டினவனுக்குத்தான் மெதுவாய் நடக்கிறவர்களின் கஷ்டம் தெரியும். என்னையும் அன்றைக்குக் கர்த்தர் தொட்டார்.

யவீருவின் வீட்டுக்கு அவசரமாய்ப் போன இயேசு, வழியில் ஒரு ஸ்திரீக்காக நின்றார் (மாற்கு 5). நின்றதினால் யவீருவின் மகளுக்கு ஒன்றும் நஷ்டமாகவில்லை. சோர்ந்து படுத்த எலியாவிடம் வந்த தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை; முதலில் அடையும் தண்ணீரும் கொடுத்தான் (1 இராஜாக்கள் 19). பவுலோடு கூட ஒரு வைத்தியனாகிய லூக்காவும் இருந்தான் (கொலோசெயர் 4:14). விசுவாசம் டாக்டரைப் பகைப்பதல்ல. விசுவாசம் மெலிந்தவர்களை விரட்டுவதும் அல்ல.

ஆகவே எங்கள் சபையில் சில காரியங்களை மாற்றினோம்:

1. சபைப் பயணத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஸ்திரீகளுக்கு வசதியுள்ள இடத்தில், யாரும் கேட்காமலே வண்டி நிற்கும்.

2. கர்ப்பிணிகள் டாக்டரிடம் கேட்டபின்பே தூரப் பயணம் வருவார்கள்.

3. உபவாச ஜெபத்தில் கர்ப்பிணிகளும் சர்க்கரை வியாதிக்காரரும் சாப்பிட்டுவிட்டு வந்து ஜெபிக்கலாம். யாரும் அவர்களைக் குறைவாய்ப் பார்க்கக் கூடாது.

4. நாள் நிறையுமுன் வயிறு விட்டு விட்டு இறுகினால், இரத்தம் பட்டால், நீர் ஒழுகினால், பிள்ளையின் அசைவு குறைந்தால், கடுமையான தலைவலியோடு கண் மங்கினால், உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும். ஜெபம் வண்டிக்குள்ளும் நடக்கும்.

அன்பான சகோதரியே, கூட்டத்துக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாது என்று உன் தாகத்தையும் வலியையும் மறைக்கிறாயா? நீ தொந்தரவு அல்ல. உனக்காக வண்டியை நிறுத்தச் சொல். நம் நல்ல மேய்ப்பர் சினையும் குட்டியுமாய் இருக்கிற ஆடுகளைத் தடியால் ஓட்டுகிறவர் அல்ல. ஊழியக்காரரே, குடும்பத் தலைவரே, நம் கைக்கடிகாரத்துக்குப் பயந்து பின் சீட்டில் யாராவது மௌனமாய் இருக்கிறார்களா? திரும்பிப் பார்ப்போம்.

ஜெபம்: அன்பின் பிதாவே, எங்கள் அவசரத்தை மன்னியும். மெலிந்தவர்களின் நடைக்கு ஏற்றபடி நடக்க எங்களுக்குக் கற்றுக்கொடும். கர்ப்பவதிகளான எங்கள் சகோதரிகளையும் அவர்கள் பிள்ளைகளையும் காத்துக்கொள்ளும். இயேசுவின் நாமத்தில் பிதாவே, ஆமென்.