காண்பதிலும் ஓர் அறம்

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் மரக்காணம் கடற்கரையின் தோற்றமே மாறிவிடுகிறது. உப்பளங்களில் வேலை நின்றுவிடுகிறது. அருகிலுள்ள கழுவேலி ஏரி, ஒருபுறம் மழைநீரையும் மறுபுறம் கழிமுகத்தின் வழியே வரும் கடல்நீரையும் ஏற்று நிறைகிறது. கார்த்திகை, மார்கழித் திங்கள்களில் பூநாரைகளும் ஊசிவால் வாத்துகளும் கருவால் மூக்கன்களும் அங்கே காட்சி தருகின்றன. 2021ஆம் ஆண்டு டிசம்பரில் இந்நீர்நிலை பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பெற்றது. 2024இல் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது.

பறவைகளைக் காணச் செல்வோர், "கல்லெறியவில்லை, வலை விரிக்கவில்லை, கண்ணால் காண்பதில் என்ன தீங்கு?" என்று கேட்பதுண்டு. வினா எளியது, விடை அத்துணை எளியதன்று.

கருவால் மூக்கன் வடக்கே மத்திய ஆசியா, சைபீரியப் பகுதிகளிலிருந்து பல்லாயிரம் கிலோமீட்டர் பறந்து வருவது. தன் நீண்ட அலகைச் சேற்றில் செலுத்திப் புழுக்களையும் சிறு நத்தைகளையும் தேடி உண்பது. நீர் ஆழமானால் அதனால் இரை தேட இயலாது. 2024 நவம்பர் 30 இரவு புதுவைக்கருகே ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது கொட்டியது போன்ற பெருமழையில் சேற்றுத் திட்டுகள் மூழ்கிப்போகும். எஞ்சும் ஆழமற்ற இடங்கள் சிலவே. அங்கே மேயும் கூட்டத்தை, நிழற்படத்திற்காக ஒருவர் கைதட்டி எழுப்புகிறார் என்று கொள்வோம். பூநாரை நீரின்மேல் சில அடிகள் ஓடியே வானில் எழ முடியும். ஒவ்வொரு முறை எழும்போதும், திரும்பும் பயணத்திற்கெனச் சேர்த்த வலிமையில் ஒரு பகுதி கழிகிறது. எழுப்பியவர் கண்ணுக்கு அழகு தெரிகிறது. பறவையின் இழப்புத் தெரிவதில்லை. தெரியாத இழப்பும் இழப்பே.

"காணாமல் அன்பு பிறக்குமோ?" என மறுப்பர் சிலர். நியாயமான மறுப்பே. கண்டறிதலே கல்வி என்று ஆசிரியப் பயிற்சியில் கற்றோம். மாணவர்க்கும் அவ்வாறே கற்பித்தோம். ஆயினும், அஞ்சிப் பறக்கும் பறவை நமக்குக் கற்பிப்பது அதன் அச்சத்தை மட்டுமே. அமைதியாக மேயும் பூநாரையோ, வளைந்த அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி நுண்ணுயிர்களை வடிகட்டி உண்ணும் விந்தையைக் காட்டுகிறது. எனவே அடக்கம் காட்சியைக் குறைப்பதன்று, நிறைவாக்குவது.

இப்பறவைகளை விருந்தினர் என்கிறோம். விருந்தினர் நம்மை நாடி வருவர். இவையோ சேற்றையும் நீரையும் நாடி வருகின்றன. ஆதலின் இவற்றிற்கு நாம் செய்யும் விருந்தோம்பல் கொடுப்பதில் இல்லை. இருப்பதைக் கெடாமல் விடுவதில் இருக்கிறது. கொல்லாமையைப் பேரறமாகக் கொண்ட நமக்கு இது புதிய பாடமன்று. அதே பாடத்தின் அடுத்த பக்கம்.

சிறுவரை அழைத்துச் செல்லும் பெற்றோர் ஒன்றைக் கற்பிப்பாராக. மேயும் பறவை இரையை விட்டுத் தலை நிமிர்ந்து நம்மை நோக்குமாயின், நாம் மிக அருகில் வந்துவிட்டோம் என்பது பொருள். அங்கே நின்று, மெல்லப் பின்வாங்குவதே முறை. அது மீண்டும் தலை தாழ்த்தி உண்ணத் தொடங்கும்வரை காத்திருக்கும் பிள்ளை, நூல்கள் சொல்லும் அருளைத் தன் கால்களால் கற்றுக்கொள்கிறது.