வாயைக் கட்டாதவர் யார்?

மெலிய முயன்று தோற்றவரைக் கண்டால், "வாயைக் கட்டத் தெரியாதவர்" என்கிறோம். அது நீதியா?

போசனப்பிரியம் பாவந்தான், மறுக்கவில்லை. ஆயினும் கேளுங்கள். 2019இல் அமெரிக்காவில் ஆய்வாளர் கெவின் ஹால் வெளியிட்ட சோதனையில், 20 பேர் இரண்டு வாரம் ஆலையில் பதனிட்ட உணவும், இரண்டு வாரம் புதிதாய்ச் சமைத்த உணவும் உண்டார்கள். பரிமாறியதில் சீனி, கொழுப்பு, உப்பு, நார் ஏறக்குறைய சமமே. விரும்பிய மட்டும் உண்ணலாம். ஆலை உணவின்போது அதே ஆட்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக, விரைவாக உண்டார்கள். கிட்டத்தட்ட ஒரு கிலோ கூடினார்கள். இரண்டே வாரத்தில் மனவுறுதியா செத்தது?

கண்டியில் பேராதனை வீதிக் கடைகளில் நாம் வாங்கும் பிஸ்கட், நூடில்ஸ், சோடா எல்லாம் அந்த வகைதான். சீனி மிகுந்த சோடாப் போத்தலில் 2016 முதல் சிவப்பு அடையாளம் இருக்கிறது. அதைப் பாராமலே விருந்தாளிக்கு ஊற்றி, "இன்னும் கொஞ்சம்" என்று நெருக்குகிறோம். அவர் படியிறங்கியதும் அவருடைய பருமனைப் பேசுகிறோம்.