பட்டை எதற்கு?

ஈப்போவில் ஜியு ஜிட்சு வகுப்பில் சேர்ந்த அன்று பயிற்றுநரிடம் நான் கேட்ட முதல் கேள்வி, “கோச், கறுப்புப் பட்டை வாங்க எத்தனை நாள் ஆகும்?” அவர் சிரித்தார். “முதல்ல விழக் கத்துக்கோ தம்பி.”

உண்மையைச் சொன்னால் எனக்குக் கலையில் ஆசை இல்லை. நாலு பேர் என்னைப் பார்த்துப் பயப்படணும், அவ்வளவுதான். நம் பையன்கள் சிலர் கும்பல்களில் போய்ச் சேர்வதும் இதே ஆசையால்தான் என்று நினைக்கிறேன்.

முதல் வாரம் என்னோடு மோதியவர் நீலப் பட்டை கட்டிய ஓர் அக்கா. என்னைவிட இருபது கிலோ குறைவாக இருப்பார். ஒரே நிமிடத்தில் என் கை அவர் கால்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. இன்னும் கொஞ்சம் இழுத்தால் முழங்கை போய்விடும். தோல்வியை ஒப்புக்கொள்ள இரண்டு தடவை தட்டினேன். அந்தக் கணமே விட்டுவிட்டார். “கை சரியா இருக்கா தம்பி?”

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தோற்றது பெரிதாகப் படவில்லை. அவர் விட்டதுதான் உறுத்தியது. அவர் இடத்தில் நான் இருந்து, நாலு பேர் பார்த்துக்கொண்டும் இருந்திருந்தால், உடனே விட்டிருப்பேனா?

இந்தக் கலையில் பெரியவர்களுக்கு ஐந்து பட்டைகள்: வெள்ளை, நீலம், ஊதா, பழுப்பு, கறுப்பு. அனைத்துலகச் சம்மேளனத்தின் விதிப்படி நீலத்தில் குறைந்தது 2 ஆண்டு, ஊதாவில் ஒன்றரை ஆண்டு, பழுப்பில் 1 ஆண்டு இருக்க வேண்டும். 19 வயதுக்கு முன் கறுப்பு கிடையாது. நடைமுறையில் கறுப்புக்குப் பத்து ஆண்டுகள்கூட ஆகும். பெரும்பாலான இடங்களில் எழுத்துத் தேர்வு இல்லை. பயிற்றுநர் மாதக்கணக்கில் நம்மைக் கவனித்துத்தான் கொடுக்கிறார். எதைக் கவனிக்கிறார்?

இதற்குப் பதில் என் பாட்டியிடம் கிடைத்தது. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இன்று அங்கே செம்பனைதான் நிற்கிறது. “கன்னு நட்டு ஆறேழு வருஷம் கழிச்சுத்தான் உளி வைப்பாங்க. வயச மட்டும் பாக்க மாட்டாங்க, சுத்தளவப் பாப்பாங்க” என்றார். சுற்றளவு ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் வந்தால்தான் மரம் வெட்டுக்குத் தயார்.

அடுத்து அவர் சொன்னதுதான் மனசில் நின்றது. “பட்டையத்தான் சீவணும், மரத்தத் தொடக்கூடாது. பட்டை திரும்ப வளரும். ஆழமா வெட்டிட்டா அந்த எடம் முண்டு முண்டாத்தான் ஆறும். எங்க நிறுத்தணும்னு கைக்குத் தெரியணும்யா.”

அக்காவின் கைக்குத் தெரிந்ததும் அதுதானே?

திருக்குறளில் வெகுளாமை அதிகாரம் இதைச் சொல்லியே தொடங்குகிறது. கோபம் செல்லுபடியாகும் இடத்தில் அடக்குபவனே அதை அடக்கியவன். செல்லாத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன? பதஞ்சலியின் யோக சூத்திரம் இயமங்களில் முதலாவதாக அகிம்சையை வைக்கிறது. அடிக்கத் தெரியாதவன் அடிக்காமல் இருப்பதில் சோதனையே இல்லை. உடைக்கத் தெரிந்த பிறகுதான் சோதனை ஆரம்பம்.

“பட்டை வாங்கியும் ரவுடித்தனம் பண்றவன் இல்லையா?” என்று நண்பன் ஒருவன் கேட்டான். இருக்கிறான். பட்டை யாரையும் நல்லவனாக்காது. பலவீனமானவர் உடம்பை நம்பி இவன் கையில் கொடுக்கலாம் என்று பயிற்றுநர் சொல்லும் சாட்சி அது. சாட்சியும் சில நேரம் பொய்க்கும். அப்போது அவமானம் கொடுத்தவருக்கும் சேர்த்துத்தான். அதனால் பட்டைக்கு ஆசைப்படுவது தப்பில்லை. ஆனால் நாம் கேட்பது அதிகாரத்தையா பொறுப்பையா என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எட்டு மாதம் ஆகிவிட்டது. நான் இன்னும் வெள்ளைப் பட்டைதான். போன வாரம் புதிதாக வந்த ஒரு தம்பியின் கை என் பிடியில் மாட்டியது. அவன் தட்டினான். விட்டேன். ஆனால் அதற்கு முன் அரை நொடி, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். வேறு யாரும் கவனிக்கவில்லை. கோச் கவனித்தார். ஒன்றும் சொல்லவில்லை.

நான் அந்தத் தம்பியிடம் போய், “கை சரியா இருக்காடா?” என்று கேட்டேன்.

நண்பர்களே, சிலம்பமோ, ஜூடோவோ, ஜியு ஜிட்சுவோ, ஏதாவது ஒன்றில் சேருங்கள். எத்தனை நாளில் பட்டை கிடைக்கும் என்று கேட்பதும் பரவாயில்லை, நானும் அப்படித்தான் கேட்டேன். எதிரே இருப்பவர் தட்டினால் எத்தனை சீக்கிரம் விடுகிறோம் என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.