தொட்டால் பேசும் கருவியும் தொடாதே என்ற சமூகமும்

சிங்கப்பூர்த் தேக்காவில், கேம்பல் லேனில், இந்திய மரபுடைமை நிலையம் நிற்கின்றது. 2015ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் நாள் திறக்கப்பெற்ற அந்நான்கு மாடிக் கட்டிடத்தின் முகப்பு, வட இந்தியப் படிக்கிணற்றைப் பின்பற்றி அமைந்ததாகும். வருவோர் கைக்கருவியொன்றைப் பழம்பொருளின் எதிரே பிடித்தால் அதன் வரலாறு கண்முன் விரியுமாறு, திறந்த காலத்திலேயே ஏற்பாடு செய்தனர். ஊமைப் பொருளுக்கு வாய் கொடுத்த அறிவியலை வரவேற்கின்றோம். ஆயினும், அவ்வாய் யாருடைய சொல்லைப் பேசும் என்று கேட்பது நம் கடமையன்றோ?

கிணற்றையே எடுத்துக்கொள்வோம். பலர் கூடி நீர் மொண்ட இடம் எனக் கருவி கூறலாம். அது பொய்யன்று; முழு மெய்யுமன்று. நம் நாட்டுக் கிணறுகள் பல, ஒரு சாராருக்கு எட்டாதனவாகவே இருந்தன. ஆடுமாடு குடித்த நீரை மனிதன் குடித்தால் தீட்டு என்றனர். 1927ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆம் நாள் மஹாட் நகரில் டாக்டர் அம்பேத்கர் பொதுக்குளத்து நீரை அள்ளிப் பருகியது ஒரு பெரும் போராட்டமாகவே நடந்தது.

அந்நிலையத்தின் சேகரிப்பில் 19ஆம் நூற்றாண்டுச் செட்டிநாட்டு மரவாயில் ஒன்றுண்டு. சுமார் 5,000 சிற்றுருவங்கள் செதுக்கப்பெற்ற வேலைப்பாடு அது. தச்சரின் கைத்திறனைக் கருவி புகழட்டும். அத்தகைய வீடுகள் எழுவதற்குப் பர்மாவிலும் மலாயாவிலும் வளர்ந்த வட்டி துணை நின்றதையும் சொல்லட்டும். அத்தகைய வாயில்களைக் கடந்து உள்ளே செல்லத்தக்கவர் எவர், தெருவிலேயே நிற்க வேண்டியவர் எவர் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். அழகைக் காட்டி வழக்கத்தை மறைப்பவன் பண்பாட்டைக் காப்பவனல்லன். அதற்குச் சாயம் பூசுபவனே யாவான்.

நம் முன்னோர் கப்பலேறியபோது சாதியைக் கரையில் விட்டு வரவில்லை. மலாயாத் தோட்டங்கள் சிலவற்றில் லயங்களிலும் சாதி பிரித்தே குடிவைத்தனர். 1929ஆம் ஆண்டு இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்தார். 1932இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. 1935இல் தமிழ் முரசு பிறந்தது. இவ்விழிப்பும் நம் மரபேயாகும். சமூக அரசியல் விழிப்பு என்பதையும் தன் கருப்பொருள்களுள் ஒன்றாக அந்நிலையம் கொண்டது நன்றே. ஆயினும் விழிப்பு ஒரு கூடத்தோடு நின்றுவிடலாகாது. ஒவ்வொரு பொருளின் முன்னும் அது பேச வேண்டும்.

“நம் குறையை அயலார் முன் விரிப்பதா? எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்று தீர்மானிக்க ஒரு சமூகத்திற்கு உரிமையில்லையா?” என்று சிலர் வினவுவர். தக்க வினாவே. ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளான வாருமுங்கு மக்கள், 2007ஆம் ஆண்டில் டெனன்ட் கிரீக் என்னும் ஊரில் ஆய்வாளரோடு சேர்ந்து, முகுர்ட்டு என்னும் மின்பேழையை அமைத்தனர். அப்பெயர் அவர்தம் மொழியில் பொருள்களைக் காக்கும் பையைக் குறிக்கும். எந்தப் படத்தை யார் காணலாம் என்பதை அவர்தம் மரபே வகுத்தது. இறந்தார் படங்களுக்கும் புனிதப் பொருள்களுக்கும் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு.

அங்கே கதவடைப்பதை ஆதரிக்கும் நாம் இங்கே திறக்கச் சொல்வது முரணாகாதா? ஆகாது. வாருமுங்கு மக்களின் நிலத்தையும் படங்களையும் கேளாமல் எடுத்துச் சென்றவர் அயலார். பறிகொடுத்தவர் தம் பொருளைத் தாமே காக்கின்றனர். நம்மிடையிலோ, பறித்தவரே கதவடைத்தனர். வெளியே நின்றவர்கள் நம் உடன்பிறந்தாரே. ஆகவே மறைக்கும் உரிமையானது இழந்தவனுக்கு உரியதன்றி, இழப்பை உண்டாக்கியவனுக்கு உரியதன்று. தீண்டாமைக்கு ஆளானோரின் மக்கள் ஒன்றைப் பேச வேண்டாம் என்றால் கருவி வாய் மூடுக. பேசு என்றால், மேட்டுக்குடியின் மானம் பேசி அதனைத் தடுத்தல் அறமன்று.

ஆதலின், இனிக் கருவி அமைப்போர் முதலில் செவி சாய்ப்பாராக. பால்வெட்டிய பாட்டியின் பேரப்பிள்ளைகளிடம், தேக்காவில் சுமை தூக்கியோர் குடும்பங்களிடம், “உங்கள் கதையில் எதைச் சொல்லலாம்?” என்று கேட்பாராக. அறிஞர் எழுதித் தந்ததை மட்டும் ஒப்பிக்காமல், காண வருவோர் தம் சொல்லையும் பதிந்து செல்ல இடம் வைப்பாராக.

கண்ணாடித் திரை தன்னைத் தொடும் விரலின் சாதியைக் கேட்பதில்லை. உயிரற்ற கண்ணாடி அறிந்த இச்சமத்துவத்தை அது சொல்லும் கதையும் அறிந்திருக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை.