விலகலும் கைவிடலும்

மருத்துவம் நான்கு கூறுகளை உடையது என்பது வள்ளுவர் வகுத்த நெறி. நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என்பன அந்நான்கு. முதல் மூன்றின் இன்றியமையாமையை யாவரும் அறிவோம். நான்காமவரின் அருமையை நமக்கு உணர்த்தியது 2020ஆம் ஆண்டில் வந்த கொரோனாப் பெருந்தொற்றே.

அவ்வாண்டு மார்ச்சு 25ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியது. நஞ்சன்கூட்டு மருந்துத் தொழிற்சாலை ஒன்றில் பரவிய தொற்றினால் மைசூர் மாவட்டம் பேரச்சத்தில் ஆழ்ந்தது. மார்ச்சு முதல் மே முடியவுள்ள மூன்று திங்களில், நாட்டின் 41 புற்றுநோய் மையங்களில் புதிதாகப் பதிந்துகொண்டோர் தொகை முந்தைய ஆண்டினும் 54 விழுக்காடு குறைந்தது என ஓர் ஆய்வு கூறிற்று. நோய் குறையவில்லை, நோயாளர் மருத்துவமனையை எட்டவில்லை.

எட்டியவர்களுள்ளும் இளையோர் நிலை தனித்து எண்ணத்தக்கது. புற்றுநோய் மருந்துகள் இரத்தத்தின் வெள்ளணுக்களையும் குறைப்பதால் சிறு தொற்றும் அவர்க்குப் பெருந்தீங்காகலாம். எனவே சுற்றமும் நட்பும் விலகி நிற்க வேண்டியதாயிற்று. முதியவர்க்குத் துணையாக வாழ்ந்த நினைவுகள் உண்டு. பதினெட்டு வயதினர்க்கோ கல்லூரி, தொழில், மணம் யாவும் இனிமேல்தான். முடி உதிர்ந்த தலையோடு, மூடிய அறையில், அவர் தம் வருங்காலத்தைத் தனியே எண்ணிக்கொண்டிருந்தார்.

புலம்பெயர்ந்து வாழும் நம்மனோர்க்கு மற்றுமோர் இடரும் இருந்தது. சாமராசநகர் கடந்து திம்பம் மலைவழி இறங்கினால் சத்தியமங்கலம், அரைநாள் வழிதான். அனுமதிச் சீட்டின்றி எல்லை கடக்கலாகாது என்றானபோது, அப்பாலிருந்த பாட்டியும் தாய்மாமனும் கடல் கடந்தவர் போலாயினர்.

இங்கே ஓர் அறவினா எழுகிறது. விலகி நிற்றல் அன்பா, அன்பின்மையா? உயிரைக் காப்பதே முதற்கடன், உள்ளத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பார் உளர். உயிர் காக்க விலகியது சரியே. ஆயின் விலகலும் கைவிடலும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல இருப்பினும் வேறு வேறானவை. விலகியவர் நாள்தோறும் குறித்த வேளையில் தொலைபேசியில் அழைப்பார். சன்னலுக்கு வெளியே நின்றேனும் முகம் காட்டுவார். கைவிட்டவரோ விலகலையே சாக்காக்கி மறந்துபோவார். 'தைரியமாயிரு' என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் போவதும் கைவிடலே. அச்சொல் சிலவேளை அழுவதற்குள்ள வழியையும் அடைத்துவிடுகிறது.

இதனினும் கொடியது மறைத்தல். ஊருக்குத் தெரிந்தால் நாளை மணம் தடைப்படும் என அஞ்சி நோயை மறைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அதற்கு ஊரடங்கு வசதியான திரையாயிற்று. நலம் கருதியே பெற்றோர் மறைக்கின்றனர். ஆனால் தன் நோய் ஒரு குற்றம் என்ற பாடத்தையே பிள்ளை அதிலிருந்து கற்கிறது.

நாம் வாழும் மைசூர் இதற்கு மாறான பாடம் ஒன்றை வைத்திருக்கிறது. 1921இல் இங்குக் காசநோய் மருத்துவமனை தோன்றியபோது, அந்நோயால் மறைந்த இளவரசி கிருஷ்ணாஜம்மணியின் பெயரே அதற்கு இடப்பட்டது. அரச குடும்பம் தன் துயரை மறைக்கவில்லை; வாயிலில் பெயராக எழுதிவைத்தது. உடன்பிறந்தாளைப் புற்றுநோய்க்கு இழந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியாரும் தம் துயரைத் தொண்டாக்கினார். 1954இல் அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது.

பெருந்தொற்றின் நெருக்கடி 2023 மே திங்களில் முடிந்ததென உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்தது. நாம் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டோம். ஆயின் இரத்தப் புற்றுநோய் உற்ற இளையோர் பலர்க்கு மருத்துவமே இரண்டு மூன்று ஆண்டு நீள்வது. நாம் மறந்துவிட்ட ஊரடங்கில் அவர்கள் இன்னும் வாழ்கின்றனர். மனத்துயர் மிகும்போது 14416 என்ற எண்ணில் தமிழிலும் கன்னடத்திலும் ஆறுதலுரை பெறலாம். 2022இல் அரசு தொடங்கிய ஏற்பாடு அது. அதனை அவர்க்குச் சொல்வோம். சொன்னதோடு நம் கடன் தீர்ந்ததாக எண்ணாதிருப்போம்.

தனிமையை அறியாதிருந்தோம் என இனி நாம் கூற இயலாது. சில திங்கள் நாமும் அதனைச் சுவைத்தோம். அந்த நினைவு மங்குமுன் நம் தெருவிலுள்ள இளைய நோயாளரின் கதவருகே செல்வோம். மருத்துவத்தின் நான்காம் கூறு எந்த மருந்துக்கடையிலும் கிடைப்பதன்று, அது நாமே.