மூங்கிற்கோலும் அது தாங்கும் கனமும்

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் கனமே நூலை இழுத்துச் சென்று நீரில் சேர்க்கிறது. ட்ரவுட் மீனுக்காக இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வளர்ந்த ஈத்தூண்டில் முறையில் அது இயலாது. இறகையும் நூலையும் முள்ளில் சுற்றிச் செய்த பொய் ஈக்குக் கனம் என்பதே இல்லை. ஆகவே கயிறே கனமாகிறது. கயிற்றின் கனம் கோலை வளைக்க, வளைந்த கோல் நிமிர்ந்து கயிற்றை எறிகிறது. கோலுக்கு அந்தக் கயிறு ஒரு சுமை. அச்சுமைக்கென்றே கோல் செய்யப்படுகிறது.

பழைய கோல்கள் மூங்கிலால் ஆனவை. மூங்கிலைப் பிளந்து, முக்கோணமாகச் சீவிய ஆறு கீற்றுகளை ஒட்டி அவற்றைச் செய்தார்கள். முதலில் கல்கத்தா மூங்கில் எனப்பட்டதும், பின்னர் தென்சீனத்துக் குவாங்தோங்கில் விளையும் டாங்கின் மூங்கிலும் பயன்பட்டன. அன்றைய கயிறு பட்டு. அதன் பருமனை எழுத்துகளால் குறித்தனர். ஏ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் 60 பங்கு. எழுத்துக்கு எழுத்து 5 பங்கு குறையும். எச்.டி.எச். என்பது இருமுனையும் மெலிந்து நடுவில் பருத்த கயிறு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நைலான் கயிறுகள் பரவின. பட்டைவிட நைலான் இலேசானது. பருமன் ஒன்றாயிருந்தும் கனம் ஒன்றாயில்லை. எழுத்துகள் பொருளிழந்தன. 1961-இல் அமெரிக்கத் தூண்டிற்கருவி உற்பத்தியாளர்கள் கயிற்றின் முதல் 30 அடியின் கனத்தைக் கொண்டு எண்கள் வகுத்தனர். 5-ஆம் எண் 140 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 9 கிராம். 6-ஆம் எண் 160 கிரெய்ன்.

பாட்டனாரின் கோல் ஒன்று பேரனின் கைக்கு வருகிறது என்று கொள்வோம். அதில் எண் இல்லை. எச்.டி.எச். கயிற்றுக்கு ஈடு 6 என்பர். 5 போதும் என்பாரும் உளர். ஆனால் அட்டவணைக்கு அந்தக் கோலைத் தெரியுமா? அது ஒருவர் கையால் இழைத்தது. நுனி எப்போதோ முறிந்து, இரண்டங்குலம் குறைந்திருக்கலாம். பசை முதுமை அடைந்திருக்கலாம். அளவுக்கு மிஞ்சிய கனத்தைத் திரும்பத் திரும்ப ஏற்றினால் மூங்கில் கூனிப்போகும். பின் தானாக நிமிராது.

புதிய திராட்சை மதுவையும் பழைய தோற்பையையும் பற்றி ஆண்டவர் கூறியதை நாம் பெரும்பாலும் மதுவின் பக்கம் நின்றே வாசிக்கிறோம். மத்தேயு நற்செய்தியிலோ மது சிந்துவது மட்டுமன்று, பை பாழாவதும் ஓர் இழப்பாகவே சொல்லப்படுகிறது. பழையதன் பொருட்டும் அங்கே ஒரு கவலை இருக்கிறது.

அப்படியானால் மிக இலேசான கயிற்றைக் கட்டிவிடுவதே கருணையா? இங்கேதான் எனக்குத் தயக்கம். இலேசான கயிறு கோலை வளைப்பதே இல்லை. வளையாத கோல் எறிவதும் இல்லை. கைதான் வீசி வீசிச் சலிக்கும். கண்ணாடிப் பேழைக்குள் வைப்பதற்கும் இதற்கும் வேறுபாடு சிறிதே. நம் இல்லங்களில் முதியவரிடமிருந்து எல்லாப் பொறுப்பையும் பரிவோடு வாங்கிக்கொள்கிறோம். "நீங்கள் சும்மா இருங்கள் அப்பா" என்கிறோம். அவர் இனி எதையும் தாங்கமாட்டார் என்ற தீர்ப்பும் அந்தப் பரிவுக்குள் இருக்கிறது. அவரவர்க்கு உரியதை அவரவர்க்கு அளிப்பதே நீதி என்று புனித தோமா அக்குவினாஸ் கற்பித்தார். ஒருவருக்கு உரியவற்றுள் அவர் சுமக்கத்தக்க சுமையும் சேராதா?

அறிந்தவர்கள் செய்வது எளிய காரியம். 4, 5, 6 எண் கயிறுகளை இரவல் வாங்கிக்கொண்டு புல்வெளிக்குப் போகிறார்கள். முள்ளுக்குப் பதில் சிறு கம்பளி நூலை முடிந்து, இலேசானதில் தொடங்கி, கோலின் நடுப்பகுதி வரை வளைவு இறங்குவதைக் கை உணரும்வரை ஒவ்வோர் எண்ணாக ஏறுகிறார்கள். அதற்கு மேல் ஏறுவதில்லை. இதிலும் ஒரு நுட்பம் உண்டு. எண்கள் 30 அடிக்கு வகுத்தவை. சிற்றோடையில் வெளியே போவது 15 அல்லது 20 அடிதான். அங்கே அதே கோலுக்கு ஓர் எண் கூடிய கயிறே பொருந்தக்கூடும். அகன்ற ஆற்றில் 50 அடி எறிபவருக்கோ அது மிகையாகும். எனவே கோலை மட்டும் கேட்டால் போதாது. எந்த நீருக்குப் போகிறோம் என்பதையும் கேட்டாக வேண்டும்.

இன்றும் சிலர் பட்டுக் கயிற்றையே தேடி வாங்குகிறார்கள். கனம் ஒன்றாயினும் மெல்லியது. காற்றை நன்கு கிழிக்கும். மிதப்பதற்கு மெழுகு பூச வேண்டும். மாலையில் வீடு திரும்பியதும் ரீலிலிருந்து முழுவதும் அவிழ்த்து உலர்த்த வேண்டும். ஈரத்தோடு விட்டால் மக்கிவிடும்.