தனியே போகிறவனுக்கு ஜாமீன் யார்?

ஒருவன் எவருக்கும் தீங்கு நினையாமல், எவரிடமும் கைமாற்று வாங்காமல், தன் சொந்தச் செலவில் இரண்டு இரவு பாலைவனத்தில் தன்னந்தனியாகத் தங்கிவரப் புறப்படுகிறான். இது முழுக்க அவனுடைய சொந்த விஷயமா? அல்லது இதில் பிறருக்கும் ஏதேனும் பாத்தியதை உண்டா?

வியாபாரிகளாகிய நம் அங்கத்தினர்களுக்கு இக்கேள்வி சற்று வேடிக்கையாகத் தோன்றக்கூடும். "சும்மா கிடப்பதற்குக் காசு செலவழித்து மணற்காட்டுக்குப் போவானேன்? கடைக் கதவைச் சாத்திவிட்டு ஒரு நாள் உள்ளேயே படுத்துக் கிடந்தால் ஆகாதா?" என்று ஒரு நண்பர் நம்மைக் கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. ஆயினும் இந்த விஷயம் நம் குடும்பத்துக்குள்ளேயே தர்க்கமாக எழுந்தபடியால், சிரித்துவிட்டு விட்டுவிட நம்மால் இயலவில்லை.

நம் லாத்தாவின் மகன் கலிபோர்னியாவில் உத்தியோகம் பார்க்கிறான். வயது 31. விதவைத் தாய்க்கு ஒரே பிள்ளை. அங்குள்ள ஜாஷுவா ட்ரீ தேசியப் பூங்காவில் வெள்ளி, சனி இரண்டு இரவும் தனியே கூடாரம் அடித்துத் தங்கப் போவதாகத் தாயாரிடம் தொலைபேசியில் சொல்லியிருக்கிறான். லாத்தா நேரே நம் கடைக்கு வந்து, "நீயாவது புத்தி சொல்லு தம்பி" என்று உட்கார்ந்துவிட்டார்கள். புத்தி சொல்வதற்கு முன் அந்த இடம் எத்தகையது என்று விசாரிப்பதுதானே முறை?

பூங்கா என்றதும் நமக்குப் புல்தரையும் வாங்குப்பலகையும் நினைவுக்கு வரும். இது அப்படிப்பட்டதன்று. லாஸ் ஏஞ்சலீஸ் நகரிலிருந்து கிழக்கே சுமார் 225 கிலோமீட்டர் தூரத்தில், ஏறக்குறைய 3,200 சதுர கிலோமீட்டர் பரப்பில் கிடக்கும் பாலை நிலம். சிங்கப்பூரைப் போல நான்கு தீவுகளை அதற்குள் வைத்தாலும் இடம் மிச்சமிருக்கும். மொஹாவி, கொலராடோ என்னும் இரு பாலைவனங்கள் அங்கே சந்திக்கின்றன. 1936ல் அரசாங்கம் அதைப் பாதுகாப்புக்குரிய இடமாக்கியது. 1994ல் தேசியப் பூங்காவாக உயர்த்தியது. ஜாஷுவா மரம் என்று பெயரே ஒழிய, அது யக்கா இனத்துச் செடி. கைகளை வானத்துக்கு ஏந்தியதுபோல் கிளைத்து நிற்கும். ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான் வளரும்.

எல்லையோரத்தில் சில இடங்களைத் தவிர உள்ளே எங்கும் குடிநீர்க் குழாய் கிடையாது. பெரும்பாலான இடங்களில் கைத்தொலைபேசி வேலை செய்யாது. பகலில் சுட்ட பாறை இரவில் குளிர்ந்து நடுக்கும். ஆள் ஒன்றுக்கு நாள் ஒன்றுக்குக் குறைந்தது ஒரு காலன், அதாவது நான்கு லிட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர் வேண்டும் என்கிறார்கள். வெயிலில் நடப்பவனுக்கு அதைப்போல் இரு மடங்கு. மூன்று பகலுக்குக் கணக்குப் போட்டால் 23, 24 கிலோ வந்துவிடுகிறது. பத்துக் கிலோ அரிசி மூட்டை இரண்டைத் தோளில் ஏற்றி, அதற்கு மேலும் நாலு கிலோ. கடைக்குச் சரக்கு இறக்கிப் பழகிய நமக்கு இந்தப் பாரம் புரியும். நாகரிக மனிதன் எதையெல்லாம் தேவை என்று நம்பிக் கொண்டிருக்கிறானோ அதில் முக்கால் பங்கைத் தண்ணீர் ஒன்றே அங்கே தள்ளிவிடுகிறது!

சரி, இவ்வளவு சுமந்துகொண்டு போய் என்ன கிடைக்கிறது? தனிமை கிடைக்கிறது என்கிறான் மருமகன்.

இதை நாம் கேலி செய்யத் தயாராக இல்லை. காலையில் கதவைத் தூக்கிய நேரம் முதல் இரவு கல்லாவைப் பூட்டும்வரை நம் முகம் நமக்குச் சொந்தமில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு சிரிப்பு, கடன் கேட்பவருக்கு ஒரு முகம், கடன் தர வேண்டியவருக்கு வேறொரு முகம். வீட்டுக்குப் போனால் வாப்பா என்ற முகம். இவை எல்லாவற்றையும் கழற்றி வைத்த பிறகு மிச்சமிருப்பது யார் என்று பார்க்க ஆசைப்படுவது குற்றமாகாது. மார்க்கத்திலும் தனித்திருத்தல் அந்நியமானதன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஹிரா குகையில் பல இரவுகள் தனித்திருந்தது நாம் மதரஸாவில் முதலில் படித்த விஷயங்களில் ஒன்று. ஆனால் அதில் இன்னொன்றையும் ஓதியிருக்கிறோம். அவர்கள் உணவை உடன் கொண்டு சென்றார்கள். தீர்ந்ததும் கதீஜா நாயகியிடம் திரும்பி வந்து மறுபடியும் எடுத்துச் சென்றார்கள். எங்கே இருக்கிறார்கள் என்பது வீட்டுக்குத் தெரியும்.

இந்த இடத்தில்தான் நம் தர்க்கத்தின் முடிச்சு இருக்கிறது.

2003ஆம் ஆண்டு ஏப்ரல் 26, சனிக்கிழமை. ஆரன் ரால்ஸ்டன் என்னும் 27 வயது வாலிபர் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவுக்கு அருகே, புளூஜான் என்னும் இடுங்கிய பள்ளத்தாக்கில் தனியே இறங்கினார். எங்கே போகிறேன் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. சுமார் 360 கிலோ எடையுள்ள பாறை ஒன்று புரண்டு, அவருடைய வலக்கையைச் சுவரோடு சேர்த்து நசுக்கிப் பிடித்துக் கொண்டது. கையில் இருந்தது சொற்பத் தண்ணீர். ஐந்து நாள் அப்படியே நின்றார். முடிவில் மே 1ந் தேதி, தன் கையைத் தானே அறுத்துக்கொண்டு வெளியேறினார். வழியில் எதிர்ப்பட்ட ஹாலந்து நாட்டுக் குடும்பம் ஒன்று தண்ணீர் கொடுத்தது. பின்னர் ஹெலிகாப்டர் வந்து ஏற்றிக்கொண்டது. இந்தக் கதை 2010ல் '127 ஹவர்ஸ்' என்று படமாக வந்தது. நம் ஏ. ஆர். ரஹ்மான் இசை அமைத்தபடியால் நம்மவர் பலரும் பார்த்திருப்பார்கள்.

படம் பார்த்தவர்கள் அவருடைய மனத்துணிவைப் புகழ்கிறார்கள். புகழத்தக்கதுதான். நமது சிந்தனை போனதோ வேறு பக்கம். அந்த ஐந்து நாளில், வேலைக்கு வரவில்லையே என்று தேடிய சகாக்கள், மகன் எந்தத் திசையில் போனான் என்றே தெரியாமல் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்ற தாயார், பாறைகளுக்கு மேலே பறந்து தேடிய விமானி ஆகியோர் யாரிடம் அனுமதி கேட்கப்பட்டது? தன் உயிரைத்தான் பணயம் வைக்கிறேன் என்று தனியே போகிறவன் நினைக்கிறான். உண்மையில் அவன் ஒரு கடன் பத்திரம் எழுதி, அதன் அடியில் பிறருடைய கையெழுத்தையும் தானே போட்டு விடுகிறான். கெடு தப்பினால் பத்திரம் அவர்கள் வாசலுக்குத்தான் வரும். ஜாமீன் போட்டவனைக் கேட்காமல் அவன் பெயரை எழுதுவதற்கு நம் தொழிலில் என்ன பெயர் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே நம் அபிப்பிராயத்தில், தவறு தனியே போவதில் இல்லை. சொல்லாமல் போவதில் இருக்கிறது. சொல்லிவிட்டுப் போகிறவனும் செத்துப் போகலாம். ஆனால் அவனைத் தேடுகிறவர்கள் 3,200 சதுர கிலோமீட்டரைத் தேட வேண்டியதில்லை.

இதற்கு இரண்டு எதிர்வாதங்கள் வந்தன. ஒன்று நம் கடைக் கணக்கர் சொன்னது. "நம் பாட்டன்மார் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்கு வந்தார்களே, அது ஆபத்தில்லையா? ஆனால் அது வயிற்றுப் பிழைப்புக்காக. இவன் போவது பொழுதுபோக்குக்காக. இரண்டும் ஒன்றா?" என்றார். பிழைப்புக்கு எடுக்கும் ஆபத்து நியாயம், மனத்துக்கு எடுக்கும் ஆபத்து அநியாயம் என்று பிரிப்பதை நாம் ஒப்பவில்லை. எதற்கும் லாபக் கணக்குக் காட்டினால்தான் செல்லும் என்றால், மனிதனுக்கும் பேரேட்டுக்கும் வித்தியாசம் ஏது? ஆனால் ஒன்று உண்டு. பாட்டனார் கப்பலேறியபோது குடும்பம் முழுவதும் துறைமுகத்தில் நின்றது. எல்லோரும் அறிந்தே ஜாமீன் போட்டார்கள்.

மற்றது இந்தக் காலத்துச் சரக்கு. துணைக்கோள் வழியாக அபயக் குரல் அனுப்பும் கருவிகள் வந்துவிட்டன. 2022 முதல் சில கைத்தொலைபேசிகளிலேயே அந்த வசதி உண்டு. ஒரு பொத்தானை அழுத்தினால் ஆள் வருவார்கள். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் தேடி மீட்பதற்குப் பொதுவாகக் கட்டணமும் வசூலிப்பதில்லை. பிறகென்ன கவலை என்கிறார்கள் பிள்ளைகள். கட்டணமில்லை என்பதால் செலவில்லை என்று எந்த வியாபாரியாவது நம்புவானா? அந்நாட்டில் தேடப் போகிறவர்களில் பெரும்பாலோர் தொண்டர்கள். தங்கள் வேலையைப் போட்டுவிட்டு, இரவில், அதே பாறையில் கால் வைக்கிறவர்கள். பொத்தானைக் கொண்டு போக வேண்டியதுதான். ஆனால் அது பிறர் கணக்கில் எழுதப்பட்ட காசோலை. கால் வலிக்கிறது என்பதற்காக அதை மாற்றுகிறவனை நாம் மதிக்க மாட்டோம்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். தனிமையில் யாருக்கு என்ன கடமை இருக்க முடியும், பார்ப்பதற்கு ஆளில்லையே என்று முதலில் நாமும் எண்ணினோம். தராசைச் சரியாகப் பிடிப்பதற்கு எதிரே ஒருவர் வேண்டும் அல்லவா? விசாரித்தபோது அங்கேயும் தராசு உண்டென்று தெரிந்தது. அந்தப் பாலை மண்ணின் மேல் சில இடங்களில் மெல்லிய கருநிற ஓடு படிந்திருக்கும். நுண்ணுயிர்களும் பாசிகளும் சேர்ந்து கட்டிய உயிருள்ள ஓடு. காற்றில் மணல் பறந்து போகாமல் பிடித்து வைத்திருப்பது அதுதான். ஒருவன் குறுக்கு வழியில் ஒரு முறை மிதித்தால் அது பழையபடி ஆகப் பல பத்தாண்டுகள் பிடிக்கும். யார் மிதித்தது என்று எவருக்கும் தெரியப் போவதில்லை.

2018 டிசம்பரில் அமெரிக்க அரசாங்கத்தின் பல இலாகாக்கள் பணமின்றி 35 நாள் முடங்கிக் கிடந்தன. பூங்காவில் காவலர் தொகை மிகவும் குறைந்து போயிற்று. என்ன நடந்தது? சிலர் புதிதாக வழி உண்டாக்கி வாகனங்களை ஓட்டினார்கள். ஜாஷுவா மரங்கள் சில வெட்டப்பட்டன. ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வளரும் மரம்! அதே நாட்களில் அக்கம்பக்கத்து ஜனங்கள் சிலர் எவர் உத்தரவுமின்றி, குப்பை அள்ளினார்கள், கழிப்பிடங்களைக் கழுவினார்கள், காகிதம் வாங்கி வைத்தார்கள். கடையில் முதலாளி இல்லாத நேரத்தில் சிப்பந்தி எப்படி நடக்கிறான் என்று நாம் கவனிப்பதுண்டு. முதலாளியே இல்லாத வெட்டவெளியில் ஓர் இரவைக் கழித்து, தான் கொண்டுபோன குப்பையைத் தானே திரும்பச் சுமந்து வருகிறவன் ஏதோ ஒரு பரீட்சையில் தேறியிருக்கிறான் என்றுதான் சொல்வோம். இதை லாத்தாவிடம் சொன்னபோது, "குப்பை பொறுக்க அவ்வளவு தூரம் போக வேண்டுமா, என் வீட்டில் அவன் அறையில் இல்லாத குப்பையா?" என்று கேட்டார்கள். பதில் சொல்லத் தெரியவில்லை.

இனி மிஞ்சியிருப்பது கடினமான பகுதி. ஜாமீனைக் கேட்டுத்தான் போட வேண்டும் என்றால், கேட்கப்பட்டவர் மறுத்துவிட்டால் என்ன செய்வது? லாத்தா மறுத்தார்கள். "அவன் எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்கட்டும், எனக்குத் தூக்கம் வராது" என்றார்கள். தாயின் தூக்கத்துக்கு ஹக்கு உண்டா? நிச்சயமாக உண்டு. அது மகனின் காலைக் கட்டிப்போடும் அளவுக்கு உண்டா? கணக்கர் உண்டு என்கிறார். நாம் இல்லை என்கிறோம். ஒருவருடைய அச்சத்தை இன்னொருவருடைய எல்லைக்கல்லாக நட்டுவிட்டால், அச்சம் அதிகமுள்ளவர்தான் வீட்டுக்கு எஜமானர் ஆவார். ஆனால் அந்த அச்சத்தைச் செலவுக் கணக்கில் எழுதாமல் மறைப்பதும் கள்ளக் கணக்குத்தான். மகன் அதை எழுதிப் பார்த்து, பிறகு போகலாமா வேண்டாமா என்று தானே தீர்மானிக்க வேண்டும். தாயிடம் சொல்லாமல் போய் வந்தபின் சொல்லிக்கொள்ளலாம் என்று சில பிள்ளைகள் செய்வது அவர்களுக்கு இரக்கம்போல் தோன்றும். நமக்கு அது அவர்கள் பெயரில் போட்ட கள்ளக் கையெழுத்தாகவே தோன்றுகிறது.

நம் வீட்டில் விஷயம் பேரத்தில் முடிந்தது. பாதையை விட்டு வெகுதூரம் உள்ளே போய்த் தங்குவதாக இருந்த மருமகன், அதைக் கைவிட்டு, நூற்றுக்கு மேற்பட்ட கூடார இடங்கள் உள்ள ஜம்போ ராக்ஸ் என்னும் முகாமில் ஓர் ஓரத்தை எடுத்துக்கொண்டான். "இது அரைத் தனிமைதான் மாமா" என்று நம்மிடம் குறைபட்டான். முகாமின் பெயர், இடத்தின் எண், வாகன எண், தண்ணீர் எத்தனை லிட்டர், ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் அழைப்பு வராவிட்டால் எந்த அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பதெல்லாம் எழுதி அனுப்பினான். நவம்பர் மாதமாதலால் அங்கே ஞாயிறு மாலை ஆறு என்றால் இங்கே திங்கள் காலை பத்து. அதற்கு முன் எவரையும் தொலைபேசியில் தொந்தரவு செய்வதில்லை என்று லாத்தா ஒப்புக்கொண்டார்கள். அவன் விரும்பிய தனிமையில் பாதி போயிற்று. அவர்களுடைய தூக்கத்தில் இரண்டு இரவு போயிற்று. எழுதி வந்த தாளை லாத்தா நம் கல்லாப்பெட்டிக்கு மேலே, சாமான் பட்டியலோடு சேர்த்து ஒட்டிவிட்டுப் போனார்கள்.